கார்புரேட்டர் தகராறு

“இந்த வண்டி ஓடாது. ஓரமா எடு.”

இசக்கிப்பாண்டி சிரித்தான். “என்ன அண்ணாச்சி, விளையாடுதியளா?”

லாசர் சிரிக்கவில்லை. “கார்புரேட்டர் நாப்பத்தாறு மாடல். ரூல் என்ன? வண்டியும் நாப்பதுக்கு முந்தினதா இருக்கணும், அதுல உள்ள எஞ்சின் பார்ட்டும் நாப்பதுக்கு முந்தினதா இருக்கணும். தள்ளு, பின்னால ஆள் நிக்கான்.”

ஜுஹு விமானத் திடலில் அன்று பழைய மோட்டார் சைக்கிள்களுக்கென்றே தனிப் பந்தயம். வண்டிகளைச் சோதித்து அனுமதிச் சீட்டு எழுதுவது லாசரின் பொறுப்பு. வார நாளில் ரயில்வேயில் ஃபோர்மேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பின் சோதனையாளர். இசக்கிக்குப் பக்கத்து ஊர்க்காரர் வேறு.

அந்த முப்பத்தெட்டாம் வருஷத்து வண்டியை ஒரு பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த நிலையில் எடுத்து வந்தவன் இசக்கி. தாராவியில் தன் பட்டறையில் வைத்து இரண்டு வருஷம் பாடுபட்டு உயிர் கொடுத்திருந்தான். ஜெயித்தால் கிளப் வண்டிகள் எல்லாம் அவன் பட்டறைக்கு வரும் என்று பேச்சு. வேலிக்கு வெளியே மனைவி ஆறுமுகத்தாயும் தெரு ஜனம் முழுக்கவும் காத்து நின்றார்கள்.

“அண்ணாச்சி, இது வண்டியோட கூடப் பொறந்த கார்புரேட்டர். நல்லாப் பாருங்க!”

“பாத்தாச்சு.”

லாசர் தலையைத் தூக்காமல் ஃபாரத்தில் ‘பார்ட் தப்பு’ என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அடுத்து வந்தது ஒரு மில் முதலாளி மகனின் வண்டி. ஸீட், சைலன்ஸர் எல்லாம் பளபளவென்று புதுசு. அதற்கு அனுமதிச் சீட்டுக் கிடைத்துவிட்டது.

“அது மட்டும் எப்படி?”

“ஸீட்டுக்கும் சைலன்ஸருக்கும் ரூல் கிடையாது.”

“பணக்கார ஸாப் வண்டின்னா உமக்குக் கண்ணு தெரியாது. தாராவிக்காரன் வண்டின்னா பூதக்கண்ணாடி வச்சுப் பாப்பீரு. நல்லாயிருக்குவே உம்ம நியாயம்!”

“சலோ, சலோ” என்று இரண்டு ஆட்கள் அவனை வெளியே தள்ளினார்கள்.

மில் முதலாளி மகன்தான் ஜெயித்தான். அந்தக் கைதட்டல் முதுகில் விழ, வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூட மனசில்லாமல் பாதி வழி, சாந்தாகுரூஸ் வரை தள்ளிக்கொண்டே வந்தான் இசக்கி.

அடுத்த வாரம் லாசர் பட்டறைக்கு வந்தார். அவர் முகத்திலேயே கதவைச் சாத்தினான். இன்னொரு நாளும் வந்தார். “இசக்கி, ஒரு நிமிஷம் தனியா...” என்று ஆரம்பிப்பதற்குள் ஒரு ஸ்பானர் பறந்து வந்து அவர் காலடியில் விழுந்தது.

“ஸாப்மார் ஷூவைத் துடைக்கப் போம்வே! இங்கன என்ன சோலி?”

பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கி, முப்பத்தெட்டாம் வருஷத்துக் கம்பெனி கேட்லாக்கைக் கண்டுபிடித்தான் இசக்கி. பட்டறைக்கு எதிரே குடியிருந்த, நாலெழுத்துப் படித்த நம்பிராஜனிடம் இங்கிலீஷில் கிளப்புக்குப் புகார் எழுதச் சொன்னான்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கார்புரேட்டரை மட்டும் கழற்றித் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கமிட்டி மேஜைமேல் வைத்தான். பக்கத்தில் கேட்லாக்கை விரித்தான். செக்ரட்டரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மிஸ்டர் லாசர், இது ஒரிஜினல்தானே?”

“ஆமா ஸார். தப்பு என்னுது.”

“எட்டு வருஷமாகச் சோதிக்கிறீர்கள். இதுகூடவா தெரியாது?”

அங்கேயே லாசருடைய சோதனையாளர் பேட்ஜைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இசக்கியிடம் வருத்தம் தெரிவித்தார்கள். டிசம்பரில் நடக்கும் அடுத்த பந்தயத்தில் அவன் தாராளமாகக் கலந்துகொள்ளலாம்.

மாடிப்படியில் இறங்கும்போது இசக்கி வேண்டுமென்றே லாசரின் வழியை மறித்தான்.

“எப்படி இருக்கு வே? டிசம்பர்ல இதே வண்டியைக் கொண்டுவாரேன். எவன் தடுக்கான்னு பாக்கேன்!”

அதுவரை குனிந்த தலையோடு நின்ற லாசர் சட்டென்று அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார்.

“கொண்டுவராதலே, முட்டாப்பயலே! அன்னைக்கே சொல்லியிருப்பேன், சுத்தி நூறு காது. ரெண்டு தடவை உன் பட்டறைக்கு வந்தேன், வாயைத் திறக்க விட்டியா? என் இடத்துக்குப் புதுசா வாரவன் முதல்ல எஞ்சின் நம்பரைத்தான் பாப்பான்!”

“பாக்கட்டுமே! நம்பருக்கு என்ன?”

“பழைய நம்பரை அரத்தால ராவிட்டு, மேல வேற நம்பர் அடிச்சிருக்கு. அது திருட்டு வண்டிலே! உன் தலையில கட்டிட்டான் அந்த இரும்புக் கடைக்காரன்.”

இசக்கியின் கையிலிருந்து துணிமூட்டை நழுவிப் படியில் உருண்டது. “அப்போ... கார்புரேட்டர்?”

“அது ஒரிஜினல்தான். உனக்கு முந்தி எனக்குத் தெரியும்.” லாசர் காலரை விட்டார். “நம்பர் தப்புன்னு எழுதினா, ரூல்படி வண்டியும் ஆளும் போலீஸுக்குப் போகணும். பார்ட் தப்புன்னு எழுதினா, வீட்டுக்குப் போகலாம். நான் உன்னை வீட்டுக்கு அனுப்பினேன்லே!”