ஹௌகனின் காளை

"பன்னெண்டு கிடேரி வாங்கிட்டேன் பெரியவரே. உங்க காளையை ஒரு மாசம் வாடகைக்கு விடுங்களேன்."

இறைச்சி மாட்டுப் பண்ணை தொடங்கியிருந்த ஜோலீன் கெஞ்சினாள்.

"வேற இடம் பாரும்மா." பக்கத்துப் பண்ணை ஹௌகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மொன்டானா மாநிலத்திலேயே பேர்போன காளை அவருடையது.

'கஞ்சப் பிசினாறி!' மறுநாள் அவர் டவுனுக்குப் போன நேரம் பார்த்து, ஜோலீன் வேலிக் கம்பியை வெட்டிவிட்டாள். காளை நேராகக் கிடேரிகளிடம் வந்து சேர்ந்தது.

சாயங்காலம் ஹௌகன் வந்து நின்றார். "வேலியை அறுத்துக்கிட்டு வந்துட்டான் போல. ஒரு மாசம் இங்கயே மேயட்டுமா?"

"உங்களுக்காகப் பொறுத்துக்கறேன்," என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இரண்டு மாதம் கழித்து மாட்டு டாக்டர் பரிசோதித்தார். ஒரு கிடேரிகூடச் சினையாகவில்லை.

ஜோலீன் ஹௌகனிடம் ஓடினாள்.

"அது மலடாகி ஒரு வருஷமாச்சும்மா. வெளியில சொல்ல வெக்கம். அதான் தர மாட்டேன்னேன்."

"அன்னிக்குச் சாயங்காலமாவது சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன். வழியில வேலியைப் பார்த்தேன். மாடு முட்டினா கம்பி பிய்ஞ்சு தொங்கும்மா, அப்படி நறுக்குன்னு துண்டாகாது."