காசளவு வெயில்

பாதி வருஷம் இருண்டே கிடக்கும் ஊரிலிருந்து, வெயிலுக்காகவே இங்கு குடிவந்தவள் எல்கா. அவளை வெயிலில் விடத்தான் யாருக்கும் மனமில்லை. தெருவில் நடந்தால் யாராவது ஓடிவந்து குடை பிடித்தார்கள். பஸ்ஸில் நிழல் பக்கத்து சீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். மிஞ்சியது மொட்டைமாடிதான். இன்று நாற்காலியோடு ஏறினால், மாடி முழுக்கப் புதுக் கீற்றுப் பந்தல்!

"உனக்காகத்தாம்மா போட்டேன். தினமும் இப்படிக் காய்ஞ்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" வியர்வையைத் துடைத்தபடி சொன்னாள் வீட்டுக்கார வேதவல்லி.

"எனக்கு வெயில்தான் வேணும், அக்கா!" எல்கா கத்தியே விட்டாள்.

"சொல்லுவே, சொல்லுவே. எங்கிட்ட என்னம்மா கூச்சம்?"

கீற்றின் இடுக்கு வழியாகத் தரையில் காசளவு வெயில் விழுந்திருந்தது. எல்கா குனிந்து அதில் உள்ளங்கையை நீட்டினாள். வேதவல்லி அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்னொரு கீற்றை எடுத்தாள்.