லீவு நாள் புகை

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் தெய்வானை கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, சாம்பிராணிக் கரண்டியைக் கணவன் குமரேசனிடம் நீட்டினாள்.

அவள் தாலிக்கொடியில் கோத்திருந்த மூச்சுமணி, அவள் விடும் ஒவ்வொரு மூச்சையும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. மூச்சு இளைத்தால் சிவப்பு, தேறினால் பச்சை. மில்லில் சிவந்து லீவு நாளில் பச்சையானால், பஞ்சுத்தூசிதான் ஆஸ்துமாவுக்குக் காரணம் என்று டாக்டர் முடிவு கட்டி, மில்லுக்கும் சொல்லிவிடுவார். அப்புறம் மில் கேட் அவளுக்குத் திறக்காது. குமரேசனின் தறிக்கூடம் மூடியதிலிருந்து அவள் சம்பளம் ஒன்றுதான். அதனால் லீவு நாளிலும் மணி சிவந்தே இருக்கட்டும் என்று, வாரத்தில் கிடைக்கிற ஒரே நல்ல நாளையும் இருவருமாகக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"போடுங்க. தெருவுல நம்மளப் பெரிய பக்திமானுங்கன்னு பேசிக்கிறாங்க," என்றாள், வார்த்தைக்கு வார்த்தை நின்று.

அவன் சாம்பிராணியைத் தூவினான். அவள் சுவரில் சாய்ந்து இருமத் தொடங்கினாள். மாதக்கணக்காக அவள் படுத்துத் தூங்கவில்லை, உட்கார்ந்தபடியேதான் கண்ணயர்கிறாள். அவன் சட்டென்று கரண்டியைப் புழக்கடைக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்தான்.

"ஏனுங்க, கண்டுபிடிச்சிருவாங்க."

"கண்டுபிடிக்கட்டும். நான் ஏதாச்சும் வேலை தேடிக்கிறேன். நீ படு கண்ணு. உன்ற குறட்டையக் கேட்டு எத்தன நாளாச்சு."

"நானெங்க குறட்டை விட்டேன்," என்றபடியே படுத்தாள்.

சாயங்காலம் மூச்சுமணி பச்சையானது. சற்று நேரத்தில் போன் அதிர்ந்தது. மில்லிலிருந்துதான். அவள் குறட்டை கலைந்துவிடக் கூடாதே என்று, அதை எடுத்துக்கொண்டு அவன் வாசலுக்குப் போனான்.