தவக்காலத்துக் கோழிச் சாறு

தடால் என்று மாளிகையின் சிற்றாலயத்தில் ஏதோ விழுந்தது. சமையற்காரி மத்துரீன் ஓடிப்போய்ப் பார்த்தாள். பிரெஞ்சு மன்னரின் சிற்றப்பா மகன், இளவரசர் தியோடோர், பீடத்தின் முன் மயங்கிக் கிடந்தார்.

அவரைப் படுக்கையில் கிடத்தியதும் காரியஸ்தர் லம்பேர் அவள் பக்கம் திரும்பினார்.

"தவக்காலம் தொடங்கினதிலிருந்து உன் கோழிச் சாறுதானே உள்ளே போகுது? என்னத்தைக் கலந்தே?"

"என்ன பேச்சுய்யா பேசுறீங்க! புருஷன் செத்து நடுத்தெருவுல நின்னவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்த மகராசன் அவரு!"

"அதை நீதிபதிகிட்ட சொல்லு. காவலரைக் கூட்டிவர ஆள் போயாச்சு."

தவக்கால நோன்பில் நோயாளிகள் மட்டும் இறைச்சி உண்ணலாம். இளவரசர் மெலிந்துவிட்டதால் வைத்தியர்தான் தினமும் கோழிச் சாறு கொடுக்கச் சொன்னார். கிண்ணம் வழித்துத் துடைத்தாற்போல் திரும்பி வரும்போதெல்லாம் அவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள். இப்போது அந்தக் கிண்ணமே தூக்குக் கயிறாகிவிடும் போலிருந்தது.

இளவரசர் கண் விழித்தார். அதற்குள் வந்துசேர்ந்திருந்த வைத்தியர் குனிந்து கேட்டார்: "இளவரசே, மத்துரீன் வச்ச சாறு கசந்துச்சா?"

அழுதுகொண்டிருந்த மத்துரீனைப் பார்த்ததும் இளவரசரின் முகம் வெட்கத்தில் சிவந்தது.

"எனக்கெப்படித் தெரியும், வைத்தியரே? முப்பது நாளா எனக்கு ரொட்டியும் தண்ணியும்தான். சாறு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிடும். மன்னிச்சுக்குங்க மத்துரீனம்மா, அதைக் குடிச்சு எழுந்து நடக்கிற மூணு நோயாளிங்களும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க, நான்தான் மாட்டிக்குவேன்னு பயந்து சொல்லல!"