வாசல் கல்

ஒரு கட்டுமான நிறுவனத்தார் புதிய பசுமைக் கட்டிடத்துக்காக, மிதித்தால் மின்சாரம் தரும் கற்களைத் தங்கள் அலுவலகத்தின் ஒவ்வொரு அறை வாசலிலும் பதித்துச் சோதனை செய்தார்கள். ஒரு வாரக் கணக்கை மகள் நீட்டியதும், முதலாளியான அப்பாவுக்கு வியர்த்தது.

"மத்த எந்தக் கல்லும் நூறு மிதியைத் தாண்டலை. இன்ஜினியர் ரூம் வாசல்ல மட்டும் நானூறா? அந்தக் கல்லு பழுதுன்னு எழுதிடும்மா."

மகளுக்குப் பகீரென்றது. அப்படி எழுதினால், கற்களை உருவாக்கிய இன்ஜினியரின் மூன்று வருட உழைப்பு போச்சு.

"கல்லுல பழுதில்லைப்பா. அங்கே நடந்தது... நான்தான்."

"நீ எதுக்கு?"

"அவரைப் பார்க்கத்தான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க, அவர் கல்லை விட்டுடுங்க."

"எத்தனை தடவை நடந்திருப்பே?"

"மிஞ்சிப்போனா நூறு. அவர் மிதிச்சது ஒரு நூறு. மிச்சம் யாருன்னு சத்தியமா தெரியாதுப்பா."

"நான்தான்" என்றார் அப்பா, காது சிவக்க.

"நீங்களா! எதுக்கு?"

"என் பொண்ணைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்கத்தான். கதவைத் தட்ட தைரியம் வராம, குட்டி போட்ட பூனை மாதிரி வாசல்லயே சுத்திட்டு வந்துடுவேன்."

மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திருங்கப்பா! இன்னும் ஒரே ஒரு மிதிதான்!"