எரிக்காமல் விட்ட சவுனா

பாவோவின் தொப்பி பறந்தது. கூடவே மண்டையில் பாதியும் பறந்தது.

சவுனா என்ற அந்த நீராவிக் குளியல் குடிலின் கதவு ஒரு சாண் திறந்து, இயந்திரத் துப்பாக்கி படபடத்துவிட்டு, மறுபடி சாத்திக்கொண்டது. குளிர் உள்ளே வந்துவிடக் கூடாதாம், மகாராஜாக்களுக்கு!

ஒஸ்மோ பனியில் முகம் புதைத்துக் கிடந்தான். கூட வந்த சிப்பாய் பாவோவின் ரத்தம் அவன் கையுறையில் தெறித்து உறைந்தது. அம்மா பின்னிய சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை. கட்டைவிரலில் மட்டும் சிவப்பு நூல். தம்பி ரெய்னோவிடமும் இதே மாதிரி ஒரு ஜோடி உண்டு.

ரெய்னோ அந்தச் சவுனாவுக்குள்தான் இருந்தான். முந்தின நாள் வேவு பார்க்கப் போனவனை ரஷ்யர்கள் உயிரோடு பிடித்து இழுத்துப் போயிருந்தார்கள்.

என்ன ஆர்ப்பாட்டமாக வந்தார்கள்! டாங்கி, பீரங்கி, பின்லாந்தைப் பிடித்ததும் வாசிக்க பாண்டு வாத்தியம் வேறு.

காட்டுக்குள் இருந்ததோ ஒரே ஒரு சாலை. ஒஸ்மோவின் ஆட்கள் பனிச்சறுக்குப் பலகைகளில் வந்து அந்தப் படையைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். முதலில் கொளுத்தியது சமையல் வண்டிகளை. மிச்ச வேலையைப் பசியும் குளிரும் பார்த்துக்கொண்டன. செத்த குதிரையை அறுத்துக்கொண்டிருந்தவர்கள், கத்தியைப் பிடித்த கையோடு சாலை நெடுக விறைத்துக் கிடந்தார்கள். முதலில் பார்த்தபோது ஒஸ்மோ வாந்தி எடுத்தான். அப்புறம் பழகிவிட்டது.

தப்பிய ஒரு கும்பல் வந்து நுழைந்தது அவனுடைய பண்ணையிலேயே. ஊரில் கூரையோடு நின்றது அந்தச் சவுனா ஒன்றுதான்.

அது நின்றிருக்கவே கூடாது. எதிரிக்கு ஒரு கூரைகூட மிஞ்சக் கூடாது என்பது உத்தரவு. வீட்டையும் மாட்டுக்கொட்டிலையும் ஒஸ்மோ தன் கையாலேயே கொளுத்தினான். சவுனாவுக்கு வந்தபோது ரெய்னோ பந்தத்தைப் பிடுங்கிப் பனியில் குத்தி அணைத்தான்.

"இதை மட்டும் விட்டுடுண்ணே. நாம பொறந்தது இங்க. அம்மாவைக் கடைசியா குளிப்பாட்டினது இங்க. இதையும் கொளுத்திட்டா அப்புறம் எதுக்குத் திரும்பி வரணும்?"

ஒஸ்மோவுக்கும் மனசு வரவில்லை. விட்டுவிட்டார்கள். அதற்குத்தான் பாவோ இப்போது பாதி மண்டையோடு கிடந்தான்.

சார்ஜென்ட் ஹுக்கனென் ஊர்ந்து வந்தார். "இருட்டுறதுக்குள்ள வெடிமூட்டையைப் போடப்போறேன். உன் தம்பி ஒருத்தனுக்காக இன்னும் எத்தனை பேரைச் சாகக் கொடுக்கிறது?"

"கொஞ்சம் பொறுங்க சார்ஜென்ட். பசி தாங்காம அவனுங்களே வெளிய வந்துடுவானுங்க."

"கூரை இருக்கு, நெருப்பு இருக்கு. வெளிய வர அவனுங்களுக்கு என்ன பைத்தியமா?"

அது புகைபோக்கி இல்லாத பழைய சவுனா. சுவர் உச்சியில் இருந்த துவாரம் வழியாகப் புகை கறுப்பாக வந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் தெற்குச் சமவெளிக்காரர்கள். அவர்களுக்கு இந்த அடுப்பை மூட்டத் தெரியாது. ரெய்னோவைத்தான் மூட்டச் சொல்லியிருப்பார்கள். அப்படியென்றால் அவன் உயிரோடு இருக்கிறான். ஒஸ்மோ கண் கொட்டாமல் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புகை சட்டென்று நின்றது.

தணல் முழுக்க அவியும்வரை அந்தத் துவாரத்தை மூடக் கூடாது. மூடினால், தணலின் நச்சுக்காற்றில் உள்ளே இருப்பவன் தூங்கியபடியே போய்ச் சேருவான். இந்த ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூட இது தெரியும்.

"ஐயையோ, ஓட்டையை அடைச்சிட்டானுங்க! குளிருதுன்னு அடைச்சிருப்பானுங்க, முட்டாப் பசங்க! ரெய்னோ!"

எழுந்து ஓடப் பார்த்தவன் மேல் சார்ஜென்ட் விழுந்து அமுக்கினார். ஒஸ்மோ அவர் கையை ரத்தம் வரக் கடித்தான். அவர் விடவில்லை.

"ரெய்னோ! கதவைத் திறடா! கதவைத் திறந்துடுடா!"

துப்பாக்கி பதில் சொல்லவில்லை. தொண்டை கட்டும்வரை கத்தினான். வெளிச்சம் மங்கும்வரை உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அப்புறம்தான் சார்ஜென்ட் கையை எடுத்தார். ஒஸ்மோ கோடரியால் கதவைப் பிளந்தான்.

உட்காரும் பலகைகளின் மேலும் கீழும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து கிடந்தார்கள். நன்றாகக் குளித்து முடித்தவர்கள்போல எல்லாருக்கும் கன்னம் சிவந்திருந்தது. ஒருவனுக்கு மட்டும் இன்னும் மூச்சு ஓடியது. சார்ஜென்ட் கத்தியைச் செருகி அதை நிறுத்தினார்.

துவாரத்துக்கு நேர் கீழே, சுவரில் சாய்ந்து ரெய்னோ உட்கார்ந்திருந்தான். ஒஸ்மோ அவனை உலுக்கினான், கன்னத்தில் அறைந்தான், வாயில் வாய் வைத்து ஊதினான். தலை தொங்கியது.

"மடப்பசங்க, தானா அடைச்சுக்கிட்டுச் செத்திருக்கானுங்க. உன் தம்பிதான் பாவம்" என்றார் சார்ஜென்ட். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "இதையும் கொளுத்திடலாமா?"

"முதல்ல தண்ணி சுட வைக்கணும். அவனைக் குளிப்பாட்டணும்."

அடுப்பை மறுபடி மூட்ட வேண்டுமென்றால் துவாரத்தைத் திறக்க வேண்டும். ஒஸ்மோ பெஞ்சின் மேல் ஏறினான். துவாரத்தை மூடும் பலகையில் பழைய விரிசல் ஒன்று உண்டு; மூடினாலும் அதன் வழியே கொஞ்சம் புகை கசியும். சரிசெய்கிறேன் என்று அப்பா வருஷா வருஷம் சொல்வார், செய்ததில்லை.

விரிசலில் ஏதோ இறுக்கமாகத் திணிக்கப்பட்டிருந்தது. பிடுங்கினான். கரி படிந்த கம்பளிக் கையுறைகள் இரண்டு. கட்டைவிரலில் சிவப்பு நூல்.

ஒஸ்மோ தன் கைகளைப் பார்த்தான். அவனுடைய ஜோடி அவன் கையிலேயே இருந்தது.