பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா

1974-இல் அறுவடை முடிந்த கையோடு, வடக்குப்பட்டுக்காரர்கள் பஸ் பிடித்து முதுமலை சரணாலயத்துக்குப் போனார்கள். மான், காட்டெருமை எல்லாம் பார்த்துவிட்டு, சாயங்காலம் யானை முகாமுக்கு வந்தார்கள்.

காந்திமதியின் கையில் கேழ்வரகுக் களி உருண்டையை வைத்தார் பாகன். "பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. கிட்ட வந்து வாங்கிக்கும்."

காந்திமதி வாயைத் திறக்கவில்லை.

"பயமாக்கா?" என்றாள் பக்கத்து வீட்டு லீலா.

"எனுக்கு இன்னா பயம்? எங்க வூட்டு எருமையே இதுல பாதி கீது."

"அப்ப கூப்டு. நான் கூப்ட்டுதான வெல்லம் குட்த்தேன்."

"நீ கூப்டுவ. உனுக்கு இன்னா."

"பேர் சொன்னாத்தாம்மா வரும்" என்றார் பாகன்.

காந்திமதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்: "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

யானை அசையவில்லை. டீக்கடையிலிருந்து அவள் கணவர் ஓடிவந்தார். "இன்னா, கூப்ட்டியா?"

"உங்கள இல்ல" என்று கம்பத்தில் தொங்கிய பெயர்ப்பலகையைக் காட்டினாள்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். சிரித்துவிட்டு, தன் பெயரைத் தானே உரக்கக் கூப்பிட்டார்:

"டேய் தாமோதரா, வாடா."

யானை வந்தது. காந்திமதி உருண்டையை நீட்டிக்கொண்டே கணவரைப் பார்த்தாள்.

"வாடா போடான்லாம் சொல்லாதீங்க. மரியாதயா கூப்டுங்க."